போய் வருகிறேன்: தமிழில் விடைபெறு சொற்களும் பிரிவு வாழ்த்துகளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

விடைபெறும் தமிழர் ‘போகிறேன்’ என்று கூறாமல் ‘போய் வருகிறேன்’ என்று கூறுவதை மங்கல வழக்கு எனவும் மக்கள் நம்பிக்கை எனவும் விளக்குவது பெருவழக்கு. அவ்விளக்கம் மட்டும் போதியதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பியம், சங்க இலக்கியம், திருக்குறள், சிலப்பதிகாரம், நன்னூல், கல்வெட்டுத் தொடர்கள், பழைய மடல் மரபு, இன்றைய பேச்சு வழக்கு ஆகியவற்றின் துணைகொண்டு, தமிழில் பிரிவு என்பது இரு தரப்பாரின் சொற்களால் அமையும் ஓர் உடன்பாடாக இருந்தது என்பது காட்டப்படுகிறது. செல்பவர் மீள்வதாக உறுதி கூறினார். இருப்பவர் விடை தந்து வாழ்த்தினார். இவ்விரண்டில் செல்பவரின் சொல் இன்றும் வழங்க, இருப்பவரின் வாழ்த்துச் சொற்கள் பெருமளவு வழக்கிழந்தமைக்கான காரணமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விடை, வியங்கோள், புறநிலை வாழ்த்து, ஓம்படை, மங்கல வழக்கு, மடல் மரபு.

1. முன்னுரை

ஒரு மொழியின் வரவேற்புச் சொற்களைப் பற்றி ஆராய்ந்த அளவிற்கு அதன் விடைபெறு சொற்களைப் பற்றி நாம் ஆராயவில்லை. ‘வணக்கம்’ என்னும் சொல்லின் வரலாறும் பரவலும் பலரால் பேசப்பட்டுள்ளன. ஆனால் நாள்தோறும் வாயிற்படியில் நின்று கூறப்படும் ‘போய் வருகிறேன்’, ‘போய் வாருங்கள்’, ‘நன்றாய் இரு’ ஆகிய தொடர்கள் நாட்டார் நம்பிக்கை என்னும் ஒற்றைத் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன.

அவ்வாறு ஒதுக்குவதால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. இத்தொடர்களுக்குப் பின்னுள்ள நீண்ட இலக்கண, இலக்கிய மரபு மறைந்துபோகிறது. ‘போய் வருகிறேன்’ நிலைத்திருக்கத் ‘தீர்க்காயுசாய் இரு’ போன்ற வாழ்த்துகள் ஏன் தேய்ந்தன என்னும் வினாவும் எழாமலே போகிறது. இரண்டும் பழைய வழக்குகளே. இரண்டும் ஒரே வாயிற்படியில் வழங்கியவையே. ஒன்று வாழவும் மற்றொன்று தேயவும் காரணம் வேண்டும். அக்காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ‘விடை’: இரு தரப்புச் சொல்

‘விடு’ என்னும் வினையடியிற் பிறந்த ‘விடை’, விடுக்கப்படுதலைக் குறிக்கும் பெயர். விடை ‘பெறுவர்’ ஒருவர், ‘கொடுப்பவர்’ மற்றொருவர். ஒருவர் தாமாக விட்டுச் செல்வதை இச்சொல் குறிப்பதில்லை; மற்றவர் விட்ட பின்னரே செல்லுதல் இதன் பொருளில் அடங்கியுள்ளது. பிரிவைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே இரு தரப்பாரை வேண்டி நிற்கிறது என்பது கருதத்தக்கது.

தொல்காப்பியப் புறத்திணையியல், பாடாண் திணைப் பகுதியில், பரிசில் பெற்ற பின்னர் நிகழும் ‘இருவகை விடை’யைக் குறிப்பிடுகிறது. புரவலன் தானே விடை தந்து விடுத்தல் ஒன்று, பரிசிலன் தான் போதல் வேண்டும் எனக் கூறி விடைபெறுதல் மற்றொன்று என உரை மரபு இதனை விளக்கும். புறநானூற்றில் ‘பரிசில் விடை’ ஒரு துறைப் பெயராகவே இடம்பெற்றுள்ளது. விடைபெறுதல் இலக்கணத்தில் பெயரிட்டு வகுக்கப்பட்ட ஒரு நிகழ்வாக இருந்தமைக்கு இவை சான்று.

இந்நிகழ்வின் விரிவான காட்சி பொருநராற்றுப்படையில் உள்ளது. கரிகாலனின் விருந்தோம்பலில் பல நாள் தங்கிய பொருநன், தன் பழைய ஊருக்குத் திரும்புவதாக மெல்லக் கூறுகிறான். எம் கூட்டத்தை விட்டு இவ்வளவு விரைவில் செல்கின்றீரோ எனச் சினந்தவனைப் போன்ற பார்வையுடன் மன்னன் கேட்கிறான். பின்னர்ப் பரிசில் பல நல்கித் தேரேற்றும்போது, ஏழடி அவன்பின் நடந்து சென்று வழியனுப்புகிறான். போலிச் சினம், பரிசில், ஏழடி நடை ஆகிய மூன்றும் விடை தருபவரின் கடமைகளாக அமைகின்றன. செல்பவர் எளிதில் விடுக்கப்படுவாராயின் அது அன்பின்மைக்கு அறிகுறி. இன்றும் விருந்தினர் எழுந்தவுடன் ‘அதற்குள்ளாகவா?’ என்று கேட்பதும், வாசல்வரை உடன் வருவதும், மகளிர்க்குத் தாம்பூலம் தருவதும் இம்மரபின் எச்சங்களாகவே தோன்றுகின்றன.

இக்காட்சியில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. பொருநன் செல்வதாகவே கூறுகிறான். சென்று வருவதாகக் கூறவில்லை. செல்லுதலைக் குறிக்கும் வினையை அவன் தவிர்க்கவுமில்லை. இதன் பொருத்தம் ஆறாம் பகுதியில் விளக்கப்படும்.

3. இருப்பவர் சொல்: வாழ்த்தும் வியங்கோளும்

விடை தருபவரின் சொல் வாழ்த்து. தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து, அவையடக்கியல், செவியறிவுறூஉ என நான்கினை வகுக்கிறது. இவற்றுள் புறநிலை வாழ்த்து நம் ஆய்வுப் பொருளுக்கு மிக நெருங்கியது. வாழ்த்தப்படுபவர் வழிபடும் தெய்வம் அவரைப் புறத்தே நின்று காப்பதாகுக, அவர் பழியற்ற செல்வத்தோடு வழிவழியாகச் சிறப்பாராகுக என்பது அதன் உள்ளடக்கம். வாழ்த்துபவரின் தெய்வம் அன்று, வாழ்த்தப்படுபவர் ‘வழிபடு தெய்வம்’ காப்பதாகக் கூறப்படுவது கூர்ந்து நோக்கத்தக்கது. வாழ்த்து, பெறுபவரின் நம்பிக்கையை மதித்து அமைகிறது. கலிப்பாவும் வஞ்சிப்பாவும் இவ்வாழ்த்தினைப் பெறா என்று யாப்பு வரையறையும் கூறப்பட்டுள்ளது.

வாழ்த்தின் இலக்கண வடிவம் வியங்கோள். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கு பொருளில் அது வரும். வாழ்த்துக்கும் வசைக்கும் ஒரே வடிவம் அமைந்தமை தற்செயலன்று. இரண்டும் சொல்லினால் ஒருவர் வாழ்வில் விளைவை உண்டாக்க முற்படுபவை. இன்றைய அரசியல் மேடைகளில் ‘வாழ்க’, ‘ஒழிக’ என ஒலிக்கும் முழக்கங்கள் இவ்விரட்டையின் தொடர்ச்சியே.

வியங்கோளின் இட வரையறையில் காலப்போக்கில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. தன்மை, முன்னிலை ஆகிய ஈரிடத்தும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பிய வினையியலின் கூற்று. சிறுபான்மை வரும் என்று கொள்வதற்கு உரையாசிரியர்கள் இடம் கண்டனர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலோ, வியங்கோள் எல்லா இடத்தும் எல்லாப் பாலிலும் வரும் என்கிறது. ‘அவன் வாழ்க’ என்னும் படர்க்கை வாழ்த்தே பெருவழக்காக இருந்த நிலையிலிருந்து, ‘நீ வாழ்க’ என நேர்நின்று வாழ்த்தும் நிலையும் இலக்கணத்தின் முழு ஒப்புதலைப் பெற்றது என இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளலாம்.

‘வாழிய’ என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையானது. இச்சொல்லின் இறுதி யகரம் கெட்டு ‘வாழி’ என வருதலும் உண்டு எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறுகிறது. மிகுதியாக வழங்கும் சொல்லே இவ்வாறு தேயும். அகப்பாடல்களில் தோழியை விளிக்கும் இடங்களில் ‘வாழி’ பெரும்பாலும் வாழ்த்துப் பொருளின் வன்மையை இழந்து நிற்கிறது. நன்னூல் ‘வாழிய’ என்பதை முன்னிலை அசைச் சொற்களுள் ஒன்றாகவே அடுக்குகிறது. ஒரு முழு வாழ்த்து, வழக்கின் மிகுதியால் அசையாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘கடவுள் உங்களோடு இருப்பாராக’ என்னும் தொடர் சுருங்கிக் ‘குட்பை’ ஆனதும், அதனைக் கூறுவோர் கடவுளை நினையாததும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. வாழ்த்துச் சொற்கள் பழகப் பழகப் பொருள் மங்குகின்றன. அப்போது மொழி புதிய வாழ்த்துகளை ஆக்கிக்கொள்கிறது.

ஐங்குறுநூற்றின் முதற் பத்தாகிய வேட்கைப் பத்தில், ஒவ்வொரு பாட்டும் ஆதன் அவினியை வாழ்த்தித் தொடங்கி, நெல் பொலிதல், பொன் சிறத்தல், வயல் விளைதல், இரவலர் வருதல் எனத் தலைவி விரும்பியவற்றை அடுக்குகிறது. வாழ்த்து என்பது தனிமனிதரின் நெடுவாழ்வை மட்டும் குறிக்காமல் விளைச்சலையும் விருந்தினர் வரவையும் உள்ளடக்கியிருந்தமையை இது காட்டும். பிற்காலத்து மணவாழ்த்தில் ஆலும் அருகும் மூங்கிலும் உவமையாக வருவதும், பதினாறு பேறுகளும் பெறுமாறு வாழ்த்துவதும் இதே போக்கின. பதினாறு என்பதைப் பதினாறு மக்கள் எனக் கொள்வது பிழையான புரிதல். அபிராமியம்மைப் பதிகம் முதலியவற்றில் எண்ணப்படும் கல்வி, நெடுவாழ்வு, நட்பு, நோயின்மை போன்ற பேறுகளையே அது குறிக்கும்.

4. ஓம்படையும் அடைக்கலமும்

பிரிவின்போது இருப்பவர் கூறும் சொற்களுள் வாழ்த்துக்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்கது ஓம்படை. தன் பொறுப்பிலிருந்த ஒருவரை மற்றவரிடம் ‘காத்துக்கொள்வாயாக’ என ஒப்படைத்தல் அது. தொல்காப்பியக் களவியல் இதனை ‘ஓம்படைக் கிளவி’ எனப் பெயரிட்டுக் கூறும். நற்றிணையின் 10ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. தலைவனுடன் செல்லவிருக்கும் தலைவியை ஒப்படைக்கும் தோழி, இவள் இளமை கழிந்து நரை எய்திய காலத்தும் கைவிடாதே என்று வேண்டுகிறாள். மணம் முடிந்து செல்லும் மகளைக் கணவன் வீட்டாரிடம் ஒப்படைக்கையில் இன்றும் பெற்றோர் கூறும் சொற்கள் இப்பொருளினவே.

ஓம்படை வெறும் உபசாரச் சொல் அன்று என்பதைச் சிலப்பதிகாரம் உணர்த்துகிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். அதன் பொருட்டே ஒரு காதை ‘அடைக்கலக் காதை’ எனப் பெயர் பெற்றது. கோவலன் கொலையுண்ட பின்னர், அடைக்கலப் பொருளை இழந்தேன் எனக் கூறி மாதரி தீப்புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். கவுந்தியடிகளும் உண்ணா நோன்பால் உயிர் துறக்கிறார். ஏற்றுக்கொண்ட சொல்லுக்கு உயிரை ஈடாகத் தரும் அளவிற்கு அச்சொல்லின் கடப்பாடு மதிக்கப்பட்டது. பிரிவுச் சொற்களை வெற்று மரபுத்தொடர்களாகக் கருதும் இன்றைய மனநிலையோடு பழந்தமிழ்ப் பனுவல்களை அணுகுவது பிழை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

5. செல்பவர் சொல்: வரவு என்னும் கடன்

இருப்பவர் வாழ்த்தும் ஓம்படையும் தர, செல்பவர் தருவது மீள்வதாகிய உறுதி. பாலைத் திணைப் பிரிவுகளில் இதன் இலக்கணம் தெளிவாக உள்ளது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் இடையே செலவைத் தவிர்ப்பது, ‘செலவழுங்கல்’ எனப்படும். அத்தவிர்ப்பு செல்லாமை ஆகாது, தலைவியை ஆற்றுவித்து உறுதிகூறும் பொருட்டுத் தாழ்த்தலே என்பது தொல்காப்பியக் கற்பியல் கருத்து. உறுதிச்சொல் கூறி முடிக்கும்வரை பயணம் தொடங்குவதில்லை.

அவ்வுறுதி பெரும்பாலும் கால எல்லையுடன் அமைந்தது. கார்ப்பருவத்தில் மீள்வதாகக் கூறிச் சென்ற தலைவன் வாராமையும், பருவம் கண்டு வருந்தும் தலைவியிடம் ‘இது அப்பருவம் அன்று’ எனத் தோழி வற்புறுத்துவதும் முல்லை, பாலைப் பாடல்களில் பரவலாக இடம்பெறும். தோழி அவ்வாறு பொய்யும் கூறுவது ஏன்? தலைவனின் சொல் பொய்த்தது என்னும் பழியைத் தவிர்ப்பதற்கே. பருவம் பொய்யாகலாம், சொல் பொய்யாகலாகாது என்பதே அப்பாடல்களின் அடிப்படை.

திருக்குறளின் 116ஆம் அதிகாரமாகிய பிரிவாற்றாமை இம்மரபைத் தலைகீழாக நிறுத்திப் பார்க்கிறது. அதன் முதற் குறளில் (1151), செல்லாதிருத்தலாயின் எனக்குச் சொல்க, விரைந்து மீளுதலைப் பற்றியாயின் அதுவரை உயிர்வாழ்பவர்க்குச் சொல்க என்னும் மறுமொழி அமைந்துள்ளது. விரைந்து வருவேன் என்ற தலைவனுக்குத் தோழி கூறியதாகப் பரிமேலழகர் இதனைக் கொள்வார். இக்குறள் ‘விரைவில் வருவேன்’ என்னும் உறுதியை ஏற்க மறுக்கிறது. மறுப்பதற்கு முன்பே அவ்வுறுதி ஒரு நிலைத்த விடைபெறு தொடராக வழங்கியிருத்தல் வேண்டும். எதிர்பார்க்கப்படாத ஒன்றை இவ்வளவு சுருக்கமாக மறுத்தல் இயலாது. அதே அதிகாரத்தின் 1154ஆம் குறள், அஞ்சாதே என்று தெளிவித்தவர் நீங்கினால், அச்சொல்லை நம்பியவர்க்குத் தவறு உண்டோ என்று வினவுகிறது. பிரிவுச் சொல் மீறப்படும்போது குற்றம் யாருடையது என்னும் அறவினா இங்கு எழுப்பப்படுகிறது.

‘வரவு’ எத்துணை ஆற்றல் வாய்ந்த சொல்லாகக் கருதப்பட்டது என்பதை நப்பூதனாரின் முல்லைப்பாட்டு காட்டுகிறது. போர்மேற் சென்ற தலைவன் பொருட்டு, முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆயர் மகள் ஒருத்தி, தாய்ப்பசுக்களைக் காணாது வருந்தும் கன்றிடம், தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று கூறுவது அவர்கள் செவியில் விழுகிறது. அதனையே நற்சொல்லாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். வெற்றி, காவல், செல்வம் என எத்தனையோ நற்சொற்கள் இருப்பவும், பிரிவில் நற்சொல்லாக அமைந்தது ‘வருதல்’ என்னும் வினையே.

இறப்பின் எல்லையிலும் இவ்வினை ஒலிக்கிறது. வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், தன்னுடன் உயிர்விடக் கருதிய பொத்தியாரை அப்போது ஏற்காமல், மகன் பிறந்த பின்னர் வருமாறு கூறி அனுப்பிவிடுகிறான். பின்னர் அவனது நடுகல்லின்முன் வந்து நின்று, தமக்குரிய இடம் யாது எனப் பொத்தியார் கேட்பதே புறநானூற்று 222ஆம் பாடல். மன்னன் நண்பனுக்குத் தந்த விடை ‘செல்க’ என்பதன்று, ‘வா’ என்பதே. அச்சொல்லைப் பொத்தியார் ஒரு கடனாக ஏற்று மீண்டு வந்தார்.

6. மங்கல வழக்கா, கடப்பாடா?

மேற்கண்ட சான்றுகளின் துணையுடன் இன்றைய ‘போய் வருகிறேன்’ என்னும் தொடரை அணுகலாம். நன்னூல் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்குகள். ‘போய்விட்டார்’ என்பது இறப்பையும் குறிப்பதால், ‘போகிறேன்’ என்பதைத் தவிர்த்துப் ‘போய் வருகிறேன்’ என்பது மங்கலம் என்று விளக்குவர். புறப்படுபவரிடம் ‘எங்கே’ என்று கேட்காமல் ‘தூரமா?’ என்று கேட்பதும், விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பதும் இவ்வகையின. இவ்விளக்கம் பிழையன்று; ஆயினும் முழுமையன்று. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, காலம். முன்னர்க் கண்ட பொருநன் விடைபெறுகையில் செல்லுதலைக் குறிக்கும் வினையைத் தயக்கமின்றிக் கூறுகிறான். அகப்பாடல்களும் குறளும் ‘செல்’ என்னும் வினையைப் பிரிவுச் சூழலில் இயல்பாகவே வழங்குகின்றன. வினையைப் பற்றிய அச்சம் அங்குப் புலப்படவில்லை. மீளும் உறுதியோ புலப்படுகிறது. எனவே கிடைக்கும் சான்றுகளின் அளவில், கடப்பாடு முந்தியது, மங்கலக் கருத்து பின்னர் அதன்மேல் படிந்தது எனக் கொள்வதே பொருந்தும். அவ்வுறுதியைத் தம் இல்லத்தை விட்டுச் செல்லும் தலைவன் கூறினான். தம் ஊருக்குத் திரும்பும் பொருநன் கூறவில்லை. இன்றோ விருந்தினரும் ‘போய் வருகிறேன்’ என்கின்றனர். இல்லத்தாரின் சொல் விருந்தினரின் சொல்லாகவும் விரிந்துள்ளது. விடைபெறும் ஒவ்வொருவரும் விடை தரும் இல்லத்தைத் தமக்கு உரியதாகக் கொள்ளும் பொருளை இவ்விரிவு தந்துள்ளது.

இரண்டாவது, இழவு வீட்டு வழக்கம். துக்கம் கேட்கச் சென்றவர் திரும்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று கூறுவதில்லை. சொல்லாமலே புறப்படுவதே மரபு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரும் இத்தொடரைத் தவிர்ப்பதுண்டு. ‘போய் வருகிறேன்’ வெறும் மங்கல மாற்றுச்சொல்லாயின், அமங்கலம் சூழ்ந்த இடத்திலேயே அது மிகுதியாக வேண்டப்பட்டிருக்கும். மாறாக, அங்கேதான் அது விலக்கப்படுகிறது. காரணம் வெளிப்படை. ‘வருகிறேன்’ என்பதைப் பேசுவோரும் கேட்போரும் அதன் முழுப்பொருளில், அதாவது இத்தகைய நிகழ்வுக்கு மீண்டும் வருவேன் என்னும் உறுதியாகவே, புரிந்துகொள்கின்றனர். மறுபுறம், இறந்தவரை நோக்கிய இரங்கற் சுவரொட்டிகளில் ‘சென்று வாருங்கள்’ என்னும் தொடர் இடம்பெறுவதைக் காண்கிறோம். மீளாதவரிடமும் மீளச் சொல்வதே இருப்பவர் தரத்தக்க இறுதி விடையாகிறது.

மூன்றாவது, அண்டை மொழிகளின் வழக்கு. மலையாளத்தில் ‘போயி வராம்’, கன்னடத்தில் ‘ஹோகி பர்த்தீனி’, தெலுங்கில் ‘வெள்ளி வஸ்தானு’ ஆகியவை ‘சென்று வருகிறேன்’ என்னும் ஒரே அமைப்பின. சிங்களத்தின் ‘கிஹின் என்னம்’ என்பதும் அப்பொருளதே. வங்காளத்தில் விடைபெறுவோர் வருதலைக் குறிக்கும் ‘ஆஷி’ என்னும் சொல்லையே கூறுவர். யாழ்ப்பாணத் தமிழின் ‘போட்டு வாறன்’ இவ்வரிசையில் அமையும் கிளைமொழி வடிவம். எனவே இதனை ஒரு மொழிக்கே உரிய அச்சமாக அன்றி, தென்னாசியச் சமூகங்களில் விருந்துக்கும் உறவுக்கும் உள்ள மதிப்போடு இணைத்து நோக்குவது தக்கது.

7. கல்வெட்டும் மடலும்

பேச்சில் நிகழ்ந்த இவ்வுடன்பாடு எழுத்திலும் பதிவாகியுள்ளது. தமிழ்க் கல்வெட்டுகள் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் நலவாழ்த்துடன் தொடங்கி, தருமத்தைக் காப்பவரை நோக்கிய சொற்களுடன் முடிவது பெருவழக்கு. ‘இது பன்மாஹேஸ்வர ரக்ஷை’ என்பதும், ‘இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலன’ என்னும் பொருள்படும் தொடர்களும் பலவிடத்தும் காணப்படுகின்றன. கொடையாளர் ஒருநாள் இவ்வுலகை விட்டு நீங்குவார். கொடையோ நிலைக்க வேண்டும். ஆகவே தம் அறத்தை வருங்காலத்தார் கையில் ஒப்படைக்கிறார். காப்பவரின் அடியைத் தம் தலைமேல் தாங்குவதாகப் பணிகிறார். அகப்பாடலின் ஓம்படை இங்குக் கல்லில் எழுதிய ‘ரக்ஷை’யாகிறது. மொழி மாறியுள்ளது, செயல் மாறவில்லை.

பழைய மடல்களின் அமைப்பும் இவ்வாறே. ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கமான ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்னும் விளி, ‘உபயகுசலோபரி’ என்னும் நலத்தொடர், ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்’ என்னும் வினவல், மூத்தோர்க்கு நமஸ்காரம், இளையோர்க்கு ஆசீர்வாதம், இறுதியில் ‘மற்றவை நேரில்’, ‘இப்படிக்கு’ என மடல் நிரல்பட்டது. ‘உபயகுசலோபரி’ என்பதில் ‘உபயம்’ இருபுறத்தையும் குறிக்கிறது. எழுதுபவர் நலமும் பெறுபவர் நலமும் ஒருங்கே கூறப்பட்டன. ‘மற்றவை நேரில்’ என்பது செய்தி மிச்சமிருப்பதை உணர்த்துவதோடு நில்லாமல், எழுதுபவர் நேரில் வருவார் என்னும் உறுதியையும் உள்ளடக்கியது. வாயிற்படியின் ‘வருகிறேன்’ மடலின் இறுதியில் இவ்வடிவு கொண்டது. தமிழ் முஸ்லிம்களின் மடல்கள் ‘வஸ்ஸலாம்’ என முடிவதும், பயணம் புறப்படுவோரை இறைவனின் பாதுகாப்பில் விடும் ‘பீ அமானில்லாஹ்’ என்னும் தொடரும் காப்பினை வேண்டும் வாழ்த்துகளாகவே அமைந்துள்ளன.

8. இருபதாம் நூற்றாண்டு மாற்றங்கள்

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கம் வாழ்த்துச் சொற்களில் ஆழமாகப் பதிந்தது. நமஸ்காரம் வணக்கமாகவும், ஆசீர்வாதம் வாழ்த்தாகவும், விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழாகவும் மாறின. ‘சிரஞ்சீவி’, ‘சௌபாக்கியவதி’ ஆகியவற்றின் இடத்தில் ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருவளர்ச்செல்வி’ என்பன வந்தன. இம்மாற்றம் சொல் அளவில் நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சிரஞ்சீவி என்பது மூத்தோர் இளையோர்க்குத் தரும் நெடுவாழ்வு. சௌபாக்கியவதி என்பதும் ‘தீர்க்க சுமங்கலி’ என்னும் வாழ்த்தும் கணவனின் உயிரோடு பெண்ணின் நலத்தைப் பிணைத்தவை. கணவனை இழந்த பெண்ணுக்கு அவ்வாழ்த்துகளில் இடமில்லை. வாழ்த்துச் சொல்லே ஒரு சாராரை விலக்கி வைக்கும் கருவியாகவும் இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. புதிய தொடர்கள் அப்பிணைப்பைத் தளர்த்தின.

இங்குதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. இருப்பவர் கூறும் பழைய வாழ்த்துகள் பெரும்பாலும் மேலிருந்து கீழ் நோக்கியவை. ‘மகராசனாய் இரு’, ‘தீர்க்காயுசாய் இரு’ என்று கூறுவதற்கு வயதோ உறவோ நிலையோ தரும் உயர்வு தேவைப்பட்டது. காலில் விழுந்து வணங்குதல், திருநீறு பூசி அனுப்புதல் போன்ற சடங்குகளோடு அவை இணைந்திருந்தன. சடங்குகள் சுருங்கவும், கூட்டுக் குடும்பம் பிரியவும், நாட்கணக்கில் எழுதிய மடல் தொலைபேசிக்கு வழிவிடவும், அவ்வாழ்த்துகளைக் கூறும் சூழலே அருகியது. பேச்சுத் தமிழில் வியங்கோள் உயிர்ப்புள்ள வடிவாக நிலைக்காமையும் இதற்குத் துணைசெய்தது. அங்கு ‘நல்லா இரு’ என ஏவல் வடிவமோ ‘நல்லா இருக்கட்டும்’ என்னும் வடிவமோ அப்பணியை ஆற்றுகிறது.

‘போய் வருகிறேன்’ என்பதற்கோ உயர்வு தாழ்வு வேண்டுவதில்லை. பேரன் பாட்டியிடம் கூறலாம். பாட்டியும் பேரனிடம் கூறலாம். அலுவலர் உதவியாளரிடமும், உதவியாளர் அலுவலரிடமும் கூறலாம். எவரும் எவர்க்கும் தரத்தக்க உறுதி என்பதாலேயே அது நிலைத்தது. ஊரெல்லைப் பலகைகளில் எழுதப்படும் ‘நன்றி, மீண்டும் வருக’ என்பது அதன் பொதுவெளி வடிவம். அங்கு ஊரே விடை தருகிறது. வேதாத்திரி மகரிஷி பரப்பிய ‘வாழ்க வளமுடன்’ என்னும் தொடர் விரைந்து பரவியமைக்கும் இதுவே காரணமாகலாம். வழக்கிழந்த வியங்கோள் வடிவை மீட்டெடுத்தபோதும், எவரும் எவரையும் வாழ்த்தும் உரிமையை அது தந்தது.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். தமிழில் விடைபெறுதல் தனியொருவர் செயலன்று. விடை, வாழ்த்து, ஓம்படை ஆகியவை இருப்பவர் பாலும், மீளும் உறுதி செல்பவர் பாலும் அமைந்த உடன்பாடு அது. ‘போய் வருகிறேன்’ என்னும் தொடரின் வேர் மங்கல வழக்கில் மட்டும் இல்லை. அகமரபின் மீளும் உறுதியிலும் அது ஊன்றியுள்ளது. இழவு வீட்டில் அத்தொடர் விலக்கப்படுவது, இன்றும் அது முழுப்பொருளுடன் கேட்கப்படுகிறது என்பதற்குச் சான்று. உயர்வு தாழ்வைச் சார்ந்த வாழ்த்துகள் தேய்ந்தன. ஒப்புரிமை உடைய சொற்கள் நிலைத்தன.

தேய்ந்த வாழ்த்துகளை அப்படியே மீட்டெடுப்பது வேண்டப்படுவதன்று. அவற்றுள் சில மீளாதிருத்தலே நன்று. ஆயினும் அவை தேய்ந்தமையால் உடன்பாட்டின் ஒரு பாதி வெறுமையாகியுள்ளது. செல்பவர் ‘போய் வருகிறேன்’ என்கிறார். இருப்பவரோ பெரும்பாலும் ‘சரி’ என்று அமைகிறார். பெறுபவரின் தெய்வமே பெறுபவரைக் காக்கட்டும் என்று கூறிய புறநிலை வாழ்த்தின் பெருந்தன்மை, உயர்வு தாழ்வின்றி வாழ்த்த இயலும் என்பதற்குத் தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே உள்ள முன்மாதிரி.

இத்துறையில் வட்டார வழக்குகளைக் களஆய்வின்வழித் தொகுத்தலும், குடும்பங்களில் எஞ்சியுள்ள பழைய மடல்களைப் பதிவுசெய்தலும் உடனடியாகச் செய்யத்தக்கவை. மடல்கள் அழியும் முன்னும், அவ்வாழ்த்துகளை இயல்பாகக் கூறிய தலைமுறை நீங்கும் முன்னும் இப்பணி நிறைவேற வேண்டும்.